மெழுகுவர்த்தி ஏற்றிப் பாடம் சொன்ன மேதை

மெழுகுவர்த்தியை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். மின்சாரம் நின்று விட்டால் தேடி எடுக்கிறோம். மின்சாரம் வந்ததும் ஊதி அணைத்து, மூலையில் வைத்து விடுகிறோம்.

அந்த ஒரு மெழுகுவர்த்தியை வைத்துக்கொண்டு, சிறுவர் சிறுமியருக்கு ஆறு சொற்பொழிவுகள் செய்தார் ஒருவர். இத்தனைக்கும் அவர் பள்ளிக்கூட ஆசிரியர் அல்ல. இன்று நம் வீட்டு விளக்கு எரிவதற்கே வழி காட்டிய விஞ்ஞானி! அவர்தான் மைக்கேல் பாரடே.

கொல்லர் மகன்

1791-ம் ஆண்டு செப்டம்பர் 22-ந் தேதி, லண்டனை அடுத்த நியூயிங்டன் பட்ஸ் என்ற இடத்தில் பாரடே பிறந்தார். தகப்பனார் கொல்லர். அடிக்கடி நோயில் படுத்து விடுவார். அப்போது வீட்டில் வருமானம் குறைந்து விடும். விலைவாசி ஏறிய ஒரு சமயம், சிறுவன் மைக்கேலுக்கு வாரத்துக்கு ஒரு ரொட்டிதான் கிடைத்தது. அதை அவன் ஏழு நாளும் வைத்துச் சாப்பிட வேண்டும்.

பள்ளியில் அவன் கற்றது எழுத்து, வாசிப்பு, கொஞ்சம் கணக்கு. அவ்வளவுதான். 13-வது வயதில் ஒரு புத்தகக் கடையில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்தான். வீடு வீடாகப் பத்திரிகை கொண்டு போய்க் கொடுத்தான். அடுத்த ஆண்டு அதே கடையில் புத்தகம் பைண்டு செய்யும் தொழில் பழகத் தொடங்கினான். ஏழு ஆண்டுகள் அந்தத் தொழில் பழகினான்.

பைண்டு செய்ய வந்த புத்தகங்களை அவன் தைத்ததோடு விடவில்லை, படித்தும் பார்த்தான். கலைக்களஞ்சியத்தில் மின்சாரம் பற்றிய பகுதி அவன் மனதைக் கவர்ந்தது. ஜேன் மார்செட் என்ற அம்மையார் எழுதிய ரசாயன நூல் அவனுக்கு ஆசானாக அமைந்தது.

படித்தது உண்மைதானா என்று செய்து பார்ப்பதும் அவன் வழக்கம். 7 அரைப் பென்னிக் காசுகள், 7 துத்தநாகத் தகடுகள், உப்பு நீரில் நனைத்த 6 காகிதத் துண்டுகள்! இவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, 1812-ம் ஆண்டில் மின்கலம் செய்து விட்டான் அந்த இளைஞன்.

தைத்து அனுப்பிய புத்தகம்

அதே ஆண்டில் அவருக்கு ஓர் அதிர்ஷ்டம் அடித்தது. கடைக்கு வந்து போகும் ஒருவர், புகழ் பெற்ற விஞ்ஞானி ஹம்ப்ரி டேவியின் சொற்பொழிவுகளுக்கு நுழைவுச் சீட்டு கொடுத்தார். பாரடே போனார், கேட்டார், குறிப்பு எடுத்தார். குறிப்புகளை விரிவாக எழுதினார். சுமார் 300 பக்கம் வந்தது. அதைத் தம் கையாலேயே பைண்டு செய்து, டேவிக்கே அனுப்பி வைத்தார்!

டேவி அவரை அழைத்துப் பேசினார். ஆனால் வேலை காலி இல்லை என்று சொல்லி விட்டார். பாரடே மனம் தளரவில்லை. சில வாரங்களில் உதவியாளர் இடம் காலியாயிற்று. 1813 மார்ச் மாதம், ராயல் இன்ஸ்டிடியூஷன் என்ற விஞ்ஞான நிலையத்தில் பாரடே வேலையில் அமர்ந்தார்.

ஆடிய முள்

1831-ம் ஆண்டு அக்டோபர் 17-ந் தேதி. கம்பிச் சுருள் ஒன்றுக்குள் காந்தத்தை நுழைத்தார் பாரடே. மின்னோட்டத்தைக் காட்டும் கருவியின் முள் ஆடியது! காந்தத்தை அசையாமல் வைத்தார். முள் நின்று விட்டது. வெளியே இழுத்தார். முள் எதிர்ப்பக்கம் ஆடியது!

காந்தம் அசைந்தால் கம்பியில் மின்சாரம் பிறக்கும். இந்த உண்மையை வைத்துத்தான் அனல் மின் நிலையத்திலும், அணைக்கட்டு மின் நிலையத்திலும் ஜெனரேட்டர்கள் சுழல்கின்றன.

சிறுவர்களின் நண்பர்

புகழ் வந்தது. சர் பட்டம் தேடி வந்தது. வேண்டாம் என்றார். ராயல் சொசைட்டி தலைவர் பதவி வந்தது. அதையும் மறுத்தார். ஆனால் சிறுவர்களுக்குப் பாடம் சொல்லும் வேலையை மட்டும் விடவில்லை. அவருக்கும் மனைவி சாராவுக்கும் குழந்தைகள் இல்லை. ஊரார் குழந்தைகள் அவர் முன் வந்து உட்கார்ந்தார்கள்.

ராயல் இன்ஸ்டிடியூஷனில் 1825-ம் ஆண்டு முதல் கிறிஸ்துமஸ் விடுமுறையில் இளைஞர்களுக்குச் சொற்பொழிவு நடந்து வந்தது. 1827-க்கும் 1860-க்கும் இடையே 19 முறை அந்தப் பொறுப்பைப் பாரடே ஏற்றார். வேகமாகப் பேசினால் பிள்ளைகளுக்குப் புரியாதே! அதனால், மெதுவாகப் பேச நினைவூட்டும் அட்டை ஒன்றைத் தம் முன் வைக்கச் செய்தார்.

கடைசியாக அவர் பேசியது 1860-ம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் சமயம். அப்போது வயது 69. எடுத்துக்கொண்ட பொருள் மெழுகுவர்த்தி. அதை அணைத்தார், எழுந்த புகையில் தீயைக் காட்டினார். தீ புகை வழியே தாவி, திரியில் பற்றியது! எரிவது மெழுகின் ஆவி என்று பிள்ளைகள் கண்ணாலேயே கண்டார்கள்.

பிறகு சுண்ணாம்புத் தெளிநீர். மெழுகுவர்த்தி எரிந்த காற்று அதில் பட்டது. நீர் பால் போல் வெளுத்தது. நாம் விடும் மூச்சுப் பட்டாலும் அதே வெளுப்பு! எரியும் சுடருக்கும் உயிருள்ள மனிதனுக்கும் உள்ள உறவை, இரண்டு கண்ணாடிப் பாத்திரங்களில் காட்டி விட்டார் அந்தப் பெரியவர்.

அந்தச் சொற்பொழிவுகள் 1861-ல் புத்தகமாக வந்தன. 1867 ஆகஸ்டு 25-ந் தேதி பாரடே காலமானார். இரண்டாம் உலகப் போரின்போது சில ஆண்டுகள் தடைப்பட்டாலும், கிறிஸ்துமஸ் சொற்பொழிவு இன்றும் நடந்து வருகிறது.

பெற்றோர்களே! அடுத்த முறை மெழுகுவர்த்தியை அணைக்கும்போது பிள்ளையைப் பக்கத்தில் அழையுங்கள். காற்று இல்லாத இடமாகப் பார்த்து, எழும் புகையில் நீங்களே தீக்குச்சியைக் காட்டுங்கள். தீ தாவுவதைப் பார்த்துப் பிள்ளை ஏன் என்று கேட்கும். அந்தக் கேள்விக்கு அதட்டல் பதிலாக வேண்டாம். காசையும் காகிதத்தையும் அடுக்கிப் பார்த்த பைண்டிங் கடைப் பையனும் அப்படித்தான் தொடங்கினான்.