கண்ணளவை ஆழாக்கில் அளந்த மீனாட்சி அம்மாள்

காலை ஐந்து மணிக்கே நம் பிளாக்குகளில் குக்கர் விசில் கேட்க ஆரம்பித்துவிடும். முதல் ஷிப்டுக்குக் கம்பெனி பஸ் வருவதற்குள் ஒரு டிபன் பாக்ஸ், ஸ்கூல் வேன் வருவதற்குள் இன்னும் இரண்டு, நைட் ஷிப்ட் முடித்து வருகிறவருக்குச் சூடாக ஏதாவது. இந்த அவசரத்தில் இன்றைக்கு என்ன குழம்பு என்று யோசிக்கவே நேரமில்லை. இருங்காட்டுக்கோட்டைக்கு வேலைக்காக வந்து குடியேறியவர்களே நம்மில் அதிகம். சந்தேகம் வந்தால் அடுப்படியில் நின்று கேட்க அம்மாவும் பக்கத்தில் இல்லை, மாமியாரும் இல்லை.

இப்படித் தனியாகச் சமைக்க நேர்ந்தவர்களுக்கு எழுபது வருடங்களுக்கு முன்பே துணைக்கு வந்தவர் எஸ். மீனாட்சி அம்மாள். ‘சமைத்துப் பார்’ என்று சொன்னால் உங்களில் பலருக்குப் புத்தகம் ஞாபகம் வந்துவிடும். எழுதியவரைப் பற்றித்தான் அதிகம் பேசுவதில்லை.

அவர் பிறந்தது 1905-இல். அந்தக் கால வழக்கப்படி சிறு வயதிலேயே கல்யாணம். இருபதுகளின் தொடக்கத்திலேயே கணவரை இழந்தார். கையில் சிறு மகன், வீட்டில் மாமியார், இன்னும் வளராத மைத்துனர். பிராமணக் குடும்பங்களில் அப்போது கணவனை இழந்த பெண்ணுக்கு என்ன இடம் இருந்தது என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். கல்யாணப் பந்தலில் முன்னால் நிற்கக் கூடாது. சாப்பாட்டில்கூட ஆயிரம் கட்டுப்பாடு. அப்படிப்பட்ட காலத்தில் வாழ்ந்த ஒருவர்தான் பிறகு தமிழ்நாட்டுப் புதுப் பெண்களுக்கெல்லாம் விருந்துச் சமையலும் பட்சணமும் சொல்லித் தந்தார். இதை யோசிக்கும்போது எனக்கு மனசு கனக்கிறது.

அவருடைய கைப்பக்குவம் உறவினர் வட்டத்தில் பேர் போனது. கல்யாணமாகி வெளியூர் போன பெண்கள் அது எப்படி, இது எப்படி என்று கடிதம் போட்டுக் கேட்பார்களாம். அவரும் பொறுமையாக எழுதி அனுப்புவார். இதையெல்லாம் புத்தகமாகவே போடலாமே என்று தூண்டியவர் அவருடைய மாமா கே.வி. கிருஷ்ணசாமி ஐயர். சென்னையில் பெரிய வழக்கறிஞர், மியூசிக் அகாடமியின் தலைவராக நெடுங்காலம் இருந்தவர். முதல் பாகம் 1951-இல் வந்தது. பிறகு மேலும் பாகங்கள் வந்தன.

சமையலை எழுதுவதில் என்ன பெரிய விஷயம் என்று நினைக்காதீர்கள். நம் பாட்டிகளிடம் அளவு கேட்டால் “ஒரு கை”, “கொஞ்சம் புளி”, “பார்த்துப் போடு” என்றுதான் பதில் வரும். பக்கத்தில் நின்று பார்க்கிறவளுக்கு அது போதும். டில்லியில் தனியாக இருக்கிற பெண் எதைப் பார்த்துப் போடுவாள்? மீனாட்சி அம்மாள் அந்தக் கண்ணளவை ஆழாக்கிலும் பலத்திலும் எழுதி வைத்தார். எதை முதலில் போடுவது, எப்போது இறக்குவது என்று அடுப்பில் பாத்திரம் வைத்தே பழகாதவளுக்கும் புரிகிற மாதிரி வரிசையாகச் சொன்னார். அதனால்தான் புதுக் குடித்தனச் சீரில் பாத்திரத்தோடு அந்தப் புத்தகத்தையும் வைத்து அனுப்பினார்கள். அமெரிக்கா போன பெட்டிகளிலும் அது போனது. ஆங்கிலத்திலும் பிற தென்னிந்திய மொழிகளிலும் வந்தது.

பழைய பிரதி உங்களிடம் இருந்தால் ஒரு குறிப்பு: பலம் என்பது ஏறக்குறைய 35 கிராம். ஆழாக்கு என்பது படியில் எட்டில் ஒரு பங்கு, சுமார் 200 மில்லி. நம் வீட்டு டம்ளர் ஒன்றை அளந்து வைத்துக்கொண்டால் போதும்.

அது முழுக்க ஒரு சமூகத்தின் சைவச் சமையல். மீன் குழம்பையோ கோழியையோ அதில் தேடாதீர்கள். மிக்ஸியும் பிரஷர் குக்கரும் வீட்டுக்கு வீடு வருவதற்கு முந்தைய புத்தகம் வேறு. காலை முழுவதும் அடுப்படியில் நிற்க ஒருவர் இருக்கிறார் என்பதுதான் அதன் கணக்கு. நம் வீடுகளில் அந்த ஒருவரும் ஷிப்டுக்குப் போகிறார்.

ஆனாலும் அவசரக் குடும்பத்துக்கு அதில் நிறைய இருக்கிறது. சாம்பார், குழம்பு, ரசம், கூட்டு, கறி, பச்சடி என்று தனித்தனி வகையாக இருப்பதால் வாரத் திட்டம் போடுவது சுலபம். ஞாயிறு மாலை ஒரு தாளை எடுத்து, வகைக்கு ஒன்றாக ஏழு நாளுக்கும் எழுதிவிடுங்கள். ஜோடி சேர்க்க நம் பழைய வழக்கமே போதும். சாம்பாரில் பருப்பு இருக்கிறது, அன்றைக்கு எண்ணெயில் வதக்கிய கறி. வத்தக் குழம்பு என்றால் பருப்புப் போட்ட கூட்டு. மோர்க் குழம்புக்குப் பருப்பு உசிலி. காய் வாங்கும் பட்டியலும் இதிலிருந்தே வந்துவிடும். கீரையும் வெண்டைக்காயும் வாரத் தொடக்கத்தில், பூசணியும் சேனையும் கடைசியில்.

அடுத்தது பொடிகள். சாம்பார் பொடி, ரசப் பொடி, பருப்புப் பொடி மூன்றையும் லீவு நாளில் வறுத்து அரைத்து வைத்தால் ஒரு மாதக் கவலை தீர்ந்தது. நைட் ஷிப்ட் முடித்து வருகிறவருக்குச் சூடான சாதம், பருப்புப் பொடி, நெய், பத்து நிமிஷத்தில் ஒரு ரசம். ஆர்டர் பண்ணிய பார்சல் கேட் தாண்டி வருவதற்குள் இவர் சாப்பிட்டு முடித்திருப்பார். வத்தல், வடாமும் போடலாம்தான். மொட்டை மாடியில் காயவைக்க அனுமதி உண்டா என்பதைச் செயலாளரிடம் கேளுங்கள், என்னிடம் வேண்டாம்.

மீனாட்சி அம்மாள் 1962-இல் காலமானார். அப்போது அவருக்கு அறுபதுகூட ஆகவில்லை. புத்தகத்தைக் குடும்பத்தாரே தொடர்ந்து பதிப்பித்து வந்தார்கள். இன்றும் கடைகளில் கிடைக்கிறது.

அடுத்த இதழில் நம் வீடுகளின் வார மெனுக்களைப் போடலாம் என்றிருக்கிறோம். சைவம், அசைவம், ஆந்திரா, ஒடிசா, எந்த ஊர்ச் சமையலானாலும் எழுதி அசோசியேஷன் ஆபீசில் கொடுங்கள். எத்தனை பேருக்கு, எவ்வளவு நேரம் என்பதையும் குறிப்பிடுங்கள். “தேவையான அளவு” என்று எழுதியிருந்தால் அளவு கேட்டு உங்கள் வீட்டுக் கதவைத் தட்டுவோம்.