தாயைப் பிரிந்த அன்னை

கல்கத்தாவில் தொண்டாற்றிய அன்னை தெரசா அம்மையாரின் பெயரை அறியாதவர் நம்மிடையே இல்லை. ஆயினும் அவர் வளர்ந்த வீட்டைப் பற்றி அறிந்தவர் சிலரே. பிறந்த மண்ணை விட்டு வந்து வேற்று மொழி வழங்கும் நகரில் குடியேறியிருக்கும் நமக்கு அவ்வீட்டின் கதை அயலாகத் தோன்றாது.

பால்கன் பகுதியிலுள்ள ஸ்கோப்யே நகரில், 1910ஆம் ஆண்டு ஆகஸ்டு 26ஆம் நாள், அல்பேனியக் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் ஆக்னஸ் கோன்ஜா. கோன்ஜா என்பது அவர்கள் மொழியில் மலர்மொட்டைக் குறிக்கும். அந்நகரில் கத்தோலிக்கர் சிறுபான்மையினர். ஆதலின் திரு இருதய ஆலயம் அவர்களுக்கு வழிபாட்டிடம் மட்டுமன்று. உற்றார் உறவினர் கூடுமிடமும் பாட்டுப் பயிலுமிடமும் அதுவே. சிறுமி கோன்ஜா அங்கே தமக்கையுடன் பாடகர் குழுவில் பாடி வந்தாள்.

1919இல் தந்தையார் திடீரென இறந்தார். வணிகத்தால் செழித்திருந்த குடும்பம் நொடித்தது. தாயார் திரானா அம்மாள் தையல், பூவேலைத் தொழில் செய்து மூன்று மக்களையும் காப்பாற்றினார். அந்நிலையிலும் ஏழைகள் அவர் வீட்டில் உண்டனர். புண்களால் வருந்திய ஒரு பெண்மணியைத் தாமே குளிப்பாட்டி உணவூட்டினாராம். பிள்ளைகள் இரவில் வீண்பேச்சுப் பேசினால், வீண்பேச்சுக்கு விளக்கெதற்கென்று அணைத்துவிடுவாராம்! மகள் பின்னாளில் நடத்திய இல்லங்களின் சிக்கனத்துக்கு வித்து இங்கேதான் விழுந்தது என்பது என் துணிபு.

1925இல் அவ்வாலயத்துக்கு வந்த சேசு சபைக் குரு, வங்காளத்தில் தொண்டாற்றிய துறவியர் எழுதிய கடிதங்களை இளைஞர்க்குப் படித்துக் காட்டினார். வங்கநாடு கோன்ஜாவின் உள்ளத்தில் பதிந்தது. 1928இல், பதினெட்டாம் வயதில், லொரேட்டோ கன்னியர் சபையில் சேரப் புறப்பட்டார். தாயார் ஜாக்ரெப் வரை உடன் சென்று வழியனுப்பினார். அயர்லாந்தில் சில வாரங்கள் ஆங்கிலம் பயின்றபின் கப்பலேறினார். வழியில் நம் சென்னைத் துறைமுகத்தில் இறங்கி, தெருவோரத்தில் குடும்பம் குடும்பமாக மக்கள் படுத்திருந்ததைக் கண்டு கலங்கிக் கடிதம் எழுதியிருக்கிறார். 1929 ஜனவரி 6ஆம் நாள் கல்கத்தா சேர்ந்தார்.

டார்ஜிலிங்கில் துறவுப் பயிற்சி, எண்டாலிப் பள்ளியில் ஆசிரியப் பணி, 1948இல் நீலக்கரை இட்ட வெள்ளைப் புடவை, 1950இல் தனிச் சபை, 1952இல் காளிகாட்டில் நிர்மல் ஹிருதய், 1979இல் நோபல் பரிசு: இவை யாவரும் அறிந்தவை. வங்கமொழியைத் தம் மொழியாக்கிக்கொண்டார். இந்தியக் குடியுரிமையும் பெற்றார்.

தாயாரை மட்டும் மீண்டும் காணவே இல்லை. திரானா அம்மாள் 1934இல் மூத்த மகளுடன் வாழ அல்பேனியத் தலைநகர் திரானாவுக்குச் சென்றார். போருக்குப்பின் அந்நாட்டில் பொதுவுடைமை ஆட்சி ஏற்பட்டது, எல்லைகள் அடைபட்டன. 1967இல் சமய வழிபாடே தடை செய்யப்பட்டது. முதிய தாய் மகளைக் காண ஏங்கினார். மகளும் உலகத் தலைவர் பலர் வாயிலாக முயன்றார். தாயை வெளியே அனுப்ப அவ்வரசு இசையவில்லை. ஆண்டுக்கொருமுறை விடுமுறையில் ரயிலேறி ஊர்போய்ப் பெற்றோரைக் கண்டு வரும் நமக்கு அத்துயரின் அளவு எளிதில் விளங்காது. 1972இல் தாயார் மறைந்தார். அடுத்த ஆண்டில் தமக்கையும் மறைந்தார்.

1989இல் அல்பேனியாவின் கதவு சற்றே திறந்தது. எழுபத்தொன்பது வயதை எட்டிக்கொண்டிருந்த அம்மையார் திரானாவுக்குச் சென்று, தாய், தமக்கை இருவர் கல்லறையிலும் மலர் வைத்து வணங்கினார். பின்னர்த் தம் பணிக்குக் கல்கத்தா திரும்பினார். 1997 செப்டம்பர் 5ஆம் நாள் அந்நகரிலேயே உயிர் நீத்தார்.