சையது அப்துல் ரகீம்

சையது அப்துல் ரகீம் (ஆகஸ்ட் 17, 1909 - ஜூன் 11, 1963) இந்தியாவைச் சேர்ந்த புகழ்பெற்ற காற்பந்தாட்டப் பயிற்றுனர் ஆவார். ரகீம் சாகிப் என்று பரவலாக அறியப்பட்டவர். இவரது பயிற்சியில் இந்திய அணி 1951, 1962 ஆகிய ஆண்டுகளின் ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் தங்கப் பதக்கம் வென்றது. 1956 மெல்பேர்ண் ஒலிம்பிக்கில் நான்காம் இடத்தைப் பெற்றது. நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் வீரர்களைத் தேடிச் சேர்த்து, வலுவான தடுப்பாட்ட வரிசையை உருவாக்கியமை இவரது முக்கியப் பணிகளுள் ஒன்றாகும்.

தொடக்க வாழ்க்கை

ரகீம் ஐதராபாத்தில் பிறந்தார். உசுமானியா பல்கலைக்கழகத்தில் பயின்றபோது அதன் காற்பந்து அணியில் ஆடினார். பின்னர்ப் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றினார். 1940களில் ஐதராபாத் காற்பந்துச் சங்கத்தின் செயலாளரான இவர், இறக்கும் வரை அப்பொறுப்பை வகித்தார். 1950 இல் ஐதராபாத் நகரக் காவல்துறை அணியின் பயிற்றுனரானார். அவ்வணி 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை ரோவர்சுக் கோப்பையை வென்றது.

வீரர்களைத் தேடுதல்

அக்காலத்தில் இந்தியாவில் காற்பந்து முழுநேரத் தொழிலாக இருக்கவில்லை. சிறந்த வீரர்கள் பலர் இராணுவம், காவல்துறை, இரயில்வே போன்றவற்றில் வேலை பார்த்துக்கொண்டே ஆடினர். ஆகவே, திறமையுள்ளவரைக் கண்டறிவது மட்டுமன்றி, அவர் பயிற்சிக்கு வருவதற்கு வழிசெய்வதும் பயிற்றுனரின் வேலையாயிற்று. செகந்தராபாத்தில் ஏழைத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த துளசிதாசு பலராமிடம் பயிற்சிக்கு வந்துபோகப் பணம் இல்லாதிருந்தது. ரகீம் அவருக்கு மிதிவண்டி வாடகைக்கென நாள்தோறும் ஒரு ரூபாய் கொடுத்தார். பலராம் பின்னாளில் இந்தியாவின் தலைசிறந்த முன்கள வீரர்களுள் ஒருவரானார்.

தடுப்பாட்ட வரிசை

தடுப்பாட்டக்காரர்களைப் பெறுவது இதனினும் கடினமாக இருந்தது. கோல் அடிப்பவருக்குக் கிடைக்கும் புகழ் அதைத் தடுப்பவருக்குக் கிடைப்பதில்லை. மேலும், பழைய 2-3-5 அமைப்பில் பின்களத்தில் இருவரே நின்றனர். 1952 எல்சிங்கி ஒலிம்பிக்கில் பெரும்பாலும் வெறுங்காலுடன் ஆடிய இந்திய அணி, யூகோசுலாவியாவிடம் 1-10 என்ற கணக்கில் தோற்றது. இத்தோல்விக்குப் பின் காலணி அணிவது கட்டாயமாக்கப்பட்டது. ரகீமும் காலப்போக்கில் பின்களத்தில் கூடுதல் வீரர்களை நிறுத்தும் முறைகளுக்கு மாறினார். 1956 ஒலிம்பிக் அரையிறுதியில் அதே யூகோசுலாவியாவிடம் இந்தியா 1-4 என்ற கணக்கிலேயே தோற்றது.

ரகீமின் பிற்கால அணியின் பின்களம் பல மாநிலத்தவரைக் கொண்டிருந்தது. ஜர்னைல் சிங் பஞ்சாபின் மாகில்பூர் கால்சா கல்லூரியில் ஆடிப் பின்னர்க் கொல்கத்தா சென்றவர். சந்திரசேகரன் கேரளத்தின் இரிஞ்ஞாலக்குடாவைச் சேர்ந்தவர். அருண் கோசு வங்காளத்தவர். கோல் காப்பாளர் பீட்டர் தங்கராஜ் ஐதராபாத்தில் பிறந்து, இராணுவத்தின் மெட்ராசு ரெசிமெண்ட் மையத்திலிருந்து வந்தவர். முதலில் முன்கள வீரராக ஆடிய அவர் பின்னரே கோல் காப்பாளரானார்.

ஜகார்த்தா, 1962

1962 ஆசிய விளையாட்டின் முதல் ஆட்டத்தில் இந்தியா தென்கொரியாவிடம் 0-2 எனத் தோற்றது. தாய்லாந்துடனான அடுத்த ஆட்டத்தில் இந்தியா 4-1 என வென்றாலும், ஜர்னைல் சிங்குக்குத் தலையில் காயம் ஏற்பட்டுத் தையல் போடப்பட்டது. தடுப்பாட்டத்தில் பந்தைத் தலையால் முட்டிக்கொண்டேயிருக்க வேண்டும். ஆயினும் ரகீம் அவரை அணியிலிருந்து முற்றிலும் விலக்கிவிடவில்லை. அரையிறுதியில் நடு முன்கள வீரராக ஆடச் செய்தார். அருண் கோசு நடுப் பின்களத்தைக் கவனித்துக்கொண்டார். ஜர்னைல் அரையிறுதியில் தென்வியட்நாமுக்கு எதிராகவும், செப்டம்பர் 4 அன்று நடந்த இறுதியாட்டத்தில் தென்கொரியாவுக்கு எதிராகவும் கோல் அடித்தார். பி. கே. பானர்ஜி மற்றொரு கோலை அடிக்க, இந்தியா 2-1 என்ற கணக்கில் தங்கம் வென்றது.

மறைவு

ஜகார்த்தா வெற்றிக்கு ஒன்பது மாதங்களுக்குப் பின், 1963 ஜூன் 11 அன்று ரகீம் புற்றுநோயால் காலமானார். இவரது மகன் சையது சாகித் அக்கீம் 1960 ரோம் ஒலிம்பிக் அணியில் இடம்பெற்றவர். ரகீமின் வாழ்க்கையை அடிப்படையாகக் கொண்ட மைதான் என்னும் இந்தித் திரைப்படம் 2024 இல் வெளிவந்தது. ரகீமின் மறைவுக்குப் பின் இந்தியா 1970 பாங்காக் ஆசிய விளையாட்டுக் காற்பந்தில் வெண்கலம் பெற்றது. தங்கம் மீண்டும் கிட்டவில்லை.