பாப் ஸ்மியர் டெஸ்ட் தெரியும்... அதில் இருக்கும் ‘பாப்’ யார் தெரியுமா?

மகளிர் நல மருத்துவரிடம் போகும் பெண்கள் பலரும் கேள்விப்பட்டிருக்கும் பெயர் ‘பாப் ஸ்மியர்’. கருப்பை வாய்ப் புற்றுநோய் வருவதற்கு முன்பே எச்சரிக்கும் பரிசோதனை இது. இதில் உள்ள ‘பாப்’ மருத்துவச் சொல் இல்லை. ஜார்ஜ் பாபனிகொலாவ் என்ற மருத்துவரின் பெயர்ச் சுருக்கம். ஆனா, இந்த டெஸ்ட்டின் பெயரில் இடம்பெறாத இன்னொருவரும் இருக்கிறார். அவர் மனைவி மேரி.

யார் இந்த பாபனிகொலாவ்?

1883-ல் கிரீஸ் நாட்டின் எவியா தீவில் பிறந்தவர். அப்பா டாக்டர். மகனும் 1904-ல் ஏதென்ஸில் மருத்துவப் படிப்பை முடித்தார். ஆனா, நோயாளிகளைப் பார்ப்பதைவிட ஆராய்ச்சியில்தான் ஆர்வம். ஜெர்மனியின் மியூனிக் நகருக்குப் போய் விலங்கியலில் முனைவர் பட்டம் வாங்கினார்.

1913-ல் மனைவியோடு நியூயார்க்கில் வந்து இறங்கினார். கையில் பெரிதாகப் பணம் இல்லை, ஆங்கிலமும் தெரியாது. டாக்டருக்குப் படித்தவர் கடையில் கம்பளம் விற்றார். மேரி பட்டன் தைத்தார். அடுத்த ஆண்டு கார்னெல் மருத்துவக் கல்லூரியின் உடற்கூறியல் துறையில் வேலை கிடைத்தது. மேரியும் அவருடைய ஆய்வகத்தில் உதவியாளரானார்.

கினி பன்றியில் தொடங்கிய ஆய்வு

கினி பன்றிகளின் கருமுட்டை எந்த நாளில் வெளியாகிறது என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. விலங்கைக் கொல்லாமல் அதை எப்படிக் கண்டுபிடிப்பது? மூக்கைச் சோதிக்கும் சின்னக் கருவியை வைத்து, பிறப்புறுப்புப் பாதையிலிருந்து துளி திரவம் எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். சுழற்சியின் ஒவ்வொரு கட்டத்திலும் செல்களின் வடிவம் மாறியது. 1917-ல் இந்த ஆய்வு வெளியானது.

பெண்களுக்கும் இப்படித்தானா? அதைத் தெரிந்துகொள்ள முதலில் முன்வந்தவர் மேரி. ஒரு நாள், இரண்டு நாள் இல்லை. சுமார் 21 ஆண்டுகள் தொடர்ந்து மாதிரி கொடுத்தார். ஆரோக்கியமான செல் எப்படி இருக்கும் என்பதை பாபனிகொலாவ் கற்றுக்கொண்டது அப்படித்தான்.

யாரும் கண்டுகொள்ளவில்லை

மற்ற பெண்களிடமும் மாதிரி எடுத்தபோது, சிலருடைய செல்கள் வித்தியாசமாக இருந்தன. அவை புற்றுநோய்ச் செல்கள். 1928-ல் அமெரிக்காவின் மிச்சிகனில் நடந்த மாநாட்டில் இதை அறிவித்தார். அதே காலத்தில் ருமேனியாவில் ஆரெல் பாபெஷ் என்ற மருத்துவரும் தனியாக இதே முடிவுக்கு வந்திருந்தார்.

ஆனா, மருத்துவ உலகம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சதையை வெட்டிச் சோதிக்கும் பயாப்ஸி இருக்கும்போது, உதிர்ந்த செல்லில் என்ன தெரியும் என்பதே பலரின் எண்ணம். பத்தாண்டுகளுக்கு மேல் கடந்தன. பிறகு மகளிர் நல மருத்துவர் ஹெர்பர்ட் டிராட்டுடன் சேர்ந்து, நியூயார்க் மருத்துவமனையில் சேர்ந்த பெண்களைப் பரிசோதித்தார். எந்த அறிகுறியும் இல்லாத பெண்களிடமும் புற்றுநோய் சிக்கியது. 1941-ல் கட்டுரையாகவும் 1943-ல் புத்தகமாகவும் முடிவுகள் வந்த பிறகுதான் உலகம் நம்பியது.

உதிரும் செல்லில் என்ன தெரியும்?

கருப்பையின் கீழ்ப்பகுதி குறுகி, பிறப்புறுப்புப் பாதையில் வந்து முடியும் இடம்தான் கருப்பை வாய். அதன் மேற்பரப்பில் செல்கள் எப்போதும் உதிர்ந்துகொண்டே இருக்கும். ஹெச்.பி.வி. என்ற வைரஸ் அங்கே நீண்ட நாள் தங்கிவிட்டால், செல்கள் மெல்ல மாறத் தொடங்கும். அந்த மாற்றம் புற்றுநோயாக முற்ற பெரும்பாலும் 10 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அதுவரை பொதுவாக வலி இருக்காது, ரத்தப்போக்கும் இருக்காது.

அந்த இடைவெளியில் கண்டுபிடிப்பதுதான் பாப் ஸ்மியரின் வேலை. சின்ன பிரஷ்ஷால் செல்களை எடுத்துச் சோதிப்பார்கள், சில நிமிடங்களில் முடிந்துவிடும். முடிவில் மாற்றம் தெரிந்தால் உடனே புற்றுநோய் என்று அர்த்தமில்லை. அடுத்தகட்டப் பரிசோதனை தேவை என்பதே அர்த்தம். மாறிய செல்களை அப்போதே அகற்றிவிட்டால் புற்றுநோயையே தடுக்க முடியும்.

மாதவிலக்கு இல்லாத நாளில் ரத்தப்போக்கு, உடலுறவுக்குப் பின் ரத்தம், மாதவிலக்கு நின்ற பிறகும் ரத்தம், துர்நாற்றத்துடன் வெள்ளைப்படுதல் ஆகியவை இருந்தால் தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஒன்றுமே இல்லாதபோதும் பரிசோதிப்பதுதான் இந்த டெஸ்ட்டின் நோக்கம். ஹெச்.பி.வி. தடுப்பூசி போட்டவர்களுக்கும் பரிசோதனை அவசியம்.

நோபல் பரிசு கிடைக்காமலேயே 1962 பிப்ரவரியில் மாரடைப்பால் காலமானார் பாபனிகொலாவ். பின்னாளில் கிரீஸ் தன் 10,000 டிராக்மா நோட்டில் அவர் படத்தை அச்சிட்டது. மேரியின் படம் எந்த நோட்டிலும் இல்லை. ஆனா, இன்று மைக்ராஸ்கோப்பின் கீழ் வைக்கப்படும் ஒவ்வொரு கண்ணாடித் தகட்டுக்குப் பின்னாலும் அவருடைய அந்த 21 ஆண்டுகள் இருக்கின்றன.