கழுகு முட்டை ஏன் நொறுங்கியது? யார் இந்த ரேச்சல் கார்சன்?

வடக்குத்து முந்திரித் தோப்புகளுக்கு மேலே வட்டமடிக்கிற பருந்து எலி, ஓணான் எல்லாம் தின்னும். அந்த இரையில் டிடிடி மாதிரி பூச்சிமருந்து இருந்தால், அது பருந்தின் கொழுப்பில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும். இந்த ஆபத்தை ஊரறியச் சொன்னவர் ரேச்சல் கார்சன்.

1907-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பிறந்தவர். விலங்கியல் படிப்பு, மீன்வளத் துறையில் அரசு வேலை. 1951-ல் கடல் பற்றி எழுதிய புத்தகம் சக்கைப்போடு போட, அடுத்த வருஷமே வேலையை விட்டார்.

அப்போது ஃபுளோரிடாவில் சார்லஸ் புரோலி என்ற ரிட்டயர்டு பேங்க் அதிகாரி, மரமேறி கழுகுக் குஞ்சுகளுக்கு வளையம் மாட்டிவந்தார். (அந்த வயசிலும்!) 1947-க்குப் பிறகு கூடு இருக்கு, குஞ்சைத்தான் காணோம். கார்சன் தன்னுடைய 'மௌன வசந்தம்' (1962) நூலில் இதைச் சேர்த்து, சந்தேகத்தை டிடிடி பக்கம் திருப்பினார்.

கம்பெனிகள் கொதித்தன. பதிப்பகத்துக்கு வழக்கு மிரட்டல் வந்தது. அவருக்கோ மார்பகப் புற்றுநோய். வெளியே மூச்சு விடவில்லை. தெரிந்தால், சொந்தக் கோபத்தில் எழுதினார்னு முத்திரை குத்திடுவாங்களே! 1964 ஏப்ரலில் 56 வயதில் இறந்தார்.

விடை கிடைத்தது 1967-ல். பிரிட்டனில் டெரெக் ராட்கிளிஃப் பழைய, புதிய முட்டை ஓடுகளை ஒப்பிட்டார். 1947-லிருந்தே ஓடு மெலிந்திருந்தது. டிடிடி சிதைந்து உருவாகும் டிடிஈ, ஓட்டுக்குக் கால்சியம் சேரவிடாது. தாய் அடைகாக்க உட்கார்ந்தாலே நொறுங்கும்.

1972-ல் அமெரிக்கா டிடிடியைத் தடை செய்தது. இந்தியாவில் விவசாயத்துக்குத் தடை 1989-ல்தான். கொசு ஒழிப்புக்கு அதன் பிறகும் அடித்தார்கள். 1963-ல் அமெரிக்காவின் 48 மாநிலங்களில் 417 ஜோடியாகச் சுருங்கிய வெண்தலைக் கழுகு, 2007-ல் அழியும் ஆபத்துப் பட்டியலிலிருந்து வெளியே வந்தது.