கணக்கில் வராத காட்டுப் பூக்கள்

கோவை வட்டாரப் பருத்திச் சாகுபடியின் வரலாற்றைத் தேடிக்கொண்டிருந்த ஆய்வு மாணவப் பருவத்தில்தான் ராபர்ட் வைட் என்ற பெயரை முதன்முதலில் அறிந்தேன். அமெரிக்கப் பருத்தியை இங்கு விளைவிக்கக் கிழக்கிந்திய கம்பெனி நடத்திய பரிசோதனைக்கு 1842 முதல் பொறுப்பாளராக இருந்தவர் அவர். அம்முயற்சி எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. தோற்றுப்போன திட்டமொன்றின் அதிகாரி என்றே அவரைக் குறித்து வைத்தேன். அக்குறிப்பு எத்துணை பிழையானது என்பதை உணரப் பல்லாண்டுகள் ஆயின.

ஸ்காட்லாந்தில் 1796-இல் பிறந்த வைட், எடின்பரோவில் மருத்துவம் பயின்று, 1819-இல் உதவி மருத்துவராகச் சென்னை மாகாணத்துக்கு வந்தார். 1826-இல் அரசின் இயற்கையியலாளர் பதவி கிடைத்தது. இரண்டே ஆண்டுகளில் அரசு அப்பதவியை ஒழித்து, அவரை நாகப்பட்டினத்துக்கு மருத்துவராக அனுப்பியது. பதவி போயிற்று, பணி நிற்கவில்லை. 1831-இல் விடுப்பில் தாயகம் திரும்பியபோது அவருடன் சென்றவை ஏறத்தாழ 1 லட்சம் உலர்தாவர மாதிரிகள்.

அவற்றைக் கொண்டு, நண்பர் வாக்கர் ஆர்னாட்டுடன் இணைந்து, தென்னிந்தியத் தாவரங்களைப் பற்றிய நூலின் முதற்பகுதியை 1834-இல் வெளியிட்டார். மகரந்தத் தாள்களை எண்ணிச் செடிகளைப் பிரிப்பது லின்னேயஸின் முறை. வைட்டும் ஆர்னாட்டும் அதைக் கைவிட்டு, பல உறுப்புகளின் ஒற்றுமை வேற்றுமைகளையும் சேர்த்து நோக்கி உறவறியும் இயற்கை முறைமையைப் பின்பற்றினர்.

1838 முதல் 1853 வரை 6 தொகுதிகளாக வந்த அவரது பெருநூலில் 2,101 படங்கள் உள்ளன. நீலகிரியின் மலர்களுக்கெனத் தனி நூலும் எழுதினார். இவற்றின் உயிர்நாடி, ரங்கையா, கோவிந்து என்னும் இந்திய ஓவியர் இருவரின் தூரிகை. வைட் அவர்களின் பெயரை மறைக்கவில்லை. ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்குக் கோவிந்துவின் பெயரையே சூட்டினார். வகைப்பாடு மாறியதால் அப்பெயர் இன்று வழக்கில் இல்லை. ஆயினும், கூலிக்கு வரைந்தவரையும் அறிவின் பங்காளியாக ஏற்ற அந்த நேர்மை நிலைத்திருக்கிறது.

1853-இல் ஓய்வு பெற்றுத் தாயகம் திரும்பிய வைட், 1872-இல் மறைந்தார்.

வரவு செலவைக் கொண்டே எதையும் மதிப்பிடப் பழகியவன் நான். அவர் வாழ்வு அப்பழக்கத்தைத் திருத்தியது. கம்பெனி பணமிட்டு எதிர்பார்த்த பருத்தி கைகூடவில்லை. வேண்டாமென்று அது ஒதுக்கிய பணியோ இன்றும் தாவரவியலாளருக்குப் பயன்படுகிறது. ஒரு மலைச்சரிவில் இன்னின்ன பூக்கள் இருந்தன என்று பெயரிட்டுப் பதிந்து வைத்தவர் இல்லையெனில், எது அழிந்தது என்றுகூட நம்மால் சொல்ல இயலாது. மாணவர் சேரவில்லை, வேலைவாய்ப்பு இல்லை என்று வகைப்பாட்டியலைக் கல்லூரிகள் ஓரங்கட்டும்போதெல்லாம், 1828-இல் ஒழிக்கப்பட்ட அந்தப் பதவிதான் என் நினைவுக்கு வருகிறது. அத்தவற்றை நாமும் செய்ய வேண்டுமா?