சாட்சி சொல்ல முடியாதவர் நீதிபதியானார்: மிஃப்ளின் கிப்ஸ்

1850களில் சான் பிரான்சிஸ்கோ. மிஃப்ளின் கிப்ஸும் பீட்டர் லெஸ்டரும் நடத்திய சப்பாத்துக் கடைக்குள் வந்த ஒரு வெள்ளையர் லெஸ்டரைக் கைத்தடியால் திரும்பத் திரும்ப அடித்தார். கிப்ஸ் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. கை ஓங்கினால் உயிர் போயிருக்கும். வழக்குப் போடவும் வழியில்லை. வெள்ளையருக்கு எதிராகக் கறுப்பினத்தவர் நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல கலிபோர்னியச் சட்டம் இடந்தரவில்லை.

ஆனால் வரி மட்டும் கேட்டார்கள். வாக்குரிமை இல்லாதவன் தலைவரி கட்டுவதில்லை என்று 1857இல் இருவரும் மறுத்தனர். அதிகாரிகள் கடைப் பொருட்களை அள்ளிச்சென்று ஏலத்தில் போட்டார்கள். ஒருவரும் விலை கேட்கவில்லை. பொருட்கள் கடைக்கே திரும்பி வந்தன.

கிப்ஸ் 1823இல் பிலடெல்பியாவில் பிறந்தவர், தச்சுத்தொழில் பழகியவர். 1858இல் பிரேசர் ஆற்றில் தங்கம் கிடைத்த செய்தியோடு பிரித்தானியக் குடியேற்றமான விக்டோரியாவுக்குக் கப்பலேறினார். பல நூறு கறுப்பினத்தவர் அதே ஆண்டில் அங்கே போனார்கள். அங்கே காணி வாங்கலாம், காலப்போக்கில் வாக்கும் போடலாம். அதற்காக அது சொர்க்கம் அல்ல. 1861இல் நாடக அரங்கில் மனைவியோடு இருந்த அவர்மீது மாவைக் கொட்டினார்கள்.

முதல் தேர்தலில் சொற்ப வாக்குகளால் தோற்றவர், 1866இல் ஜேம்ஸ் பே வட்டாரத்திலிருந்து நகரசபைக்குத் தெரிவானார். இன்றைய பிரிட்டிஷ் கொலம்பியாவில் தேர்தலில் வென்ற முதல் கறுப்பினத்தவர் அவரே. அந்தப் பிரதேசம் கனடாவோடு இணைய வேண்டுமென வாதிட்ட 1868ஆம் ஆண்டு யேல் மாநாட்டிலும் பிரதிநிதியாக இருந்தார்.

அடிமைமுறை ஒழிந்த அமெரிக்காவுக்குப் பின்னர் திரும்பிச் சட்டம் படித்தார். 1873இல் ஆர்கன்சோவின் லிட்டில் ராக் நகர மக்கள் அவரை நகர நீதிபதியாகத் தெரிவுசெய்தார்கள். வெள்ளையரும் கறுப்பினத்தவரும் சொன்ன சாட்சியங்களை அங்கே அவர் கேட்டார்.